மொட்டையன் விஷயமாக ஒரு கடிதம்

நாகர்கோவில்
ஞாயிறு சாயங்காலம்

மக்கா செல்வா,

உன் மெயில் வந்து பத்து நாளாகிறது. பதில் போடாததற்குச் சோம்பல் பாதி, கால் பாதி. போன மாதம் மழையில் மாடிப்படியில் பாசி வழுக்கி, கடைசி நான்கு படியையும் உட்கார்ந்தபடியே இறங்கினேன். கணுக்கால் எலும்பில் கீறல் என்று சொல்லி ஆறு வாரத்துக்கு மாவுக்கட்டு போட்டிருக்கிறார்கள். கடையைத் தம்பி பார்த்துக்கொள்கிறான். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பார்வை தெளிந்ததும் அவள் முதலில் கண்டுபிடித்தது வீட்டில் எத்தனை ஒட்டடை இருக்கிறது என்பதைத்தான். நான் காலை நீட்டிக்கொண்டு கிடக்கிறேன், அவள் ஒட்டடைக் கம்போடு என்னைச் சுற்றி வருகிறாள்.

உன் மகள் முதல் நாள் பள்ளிக்கூடத்துக்கு அழாமல் போனாளாம், நீதான் கேட் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்தாயாம். உன் வீட்டுக்காரி சொன்னதாக என் வீட்டுக்காரி சொன்னாள். நம்புகிறேன்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். தள்ளுபடியில், நம் மொட்டையன் வேஷம் மாற்றி ஆளைக் கொல்கிற ஹிட்மேன் கேம் எல்லாவற்றையும் மொத்தமாக வாங்கிப் போட்டிருக்கிறாய். வரிசையாக ஆடிக்கொண்டு வரும்போது, 2012-ல் வந்த அப்சொல்யூஷனை ஆடுவதா, தாண்டிப் போவதா என்று கேட்கிறாய். கூடவே ஒரு குத்தல் வேறு: 2012-ல் நீ அதைத் திட்டின திட்டுக்கு இன்றுவரை காரணம் சொல்லவில்லையே என்று. சொன்னேன் மக்கா, நீதான் ஹெட்போனைக் கழற்றவில்லை. எப்படியும் கால் சும்மாதானே கிடக்கிறது என்று போன வாரம் அதற்கு முந்தின கேமான பிளட் மணியையும் அப்சொல்யூஷனையும் அடுத்தடுத்து ஆடிப் பார்த்தேன். அதனால் இந்தக் கடிதம் நீளும். டீ போட்டுக்கொண்டு உட்கார்.

வடசேரியில் அண்ணாச்சியின் பிரவுசிங் சென்டர் நினைவிருக்கிறதா? மணிக்கு 15 ரூபாய். ஓரத்து மெஷினில் மட்டும்தான் பிளட் மணி ஓடும். அந்த மெஷினுக்கு ஒரே நாற்காலி, அதில் நாம் இரண்டு பேர், ஆளுக்குப் பாதி. மௌஸ் ஒருவன் கையில், கீபோர்டு இன்னொருவன் கையில் என்றுகூட ஆடிப் பார்த்தோம். நடுத்தரக் கடினத்தில், ஆடினவரைக்கும் பதிந்துவைக்க ஒரு மிஷனுக்கு ஏழே சேவ். கேமை மூடினால் அந்த ஏழும் போச்சு. அண்ணாச்சிக்கு அதெல்லாம் புரியுமா? மணி முடிந்ததும் வந்து மானிட்டரை அணைத்துவிடுவார். "அண்ணாச்சி, இன்னும் அஞ்சு நிமிஷம், ஆள் பாத்ரூமுக்குள்ள போய்ட்டான்" என்று நீ கெஞ்சினதும், அவர் பயந்துபோய்ப் பாத்ரூம் பக்கம் எட்டிப் பார்த்ததும் இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

இந்தத் தடவை ஆடும்போதும் அந்தப் பாரிஸ் ஓப்பரா லெவலில்தான் அதிக நேரம் கிடந்தேன். அரங்கில் ஒத்திகை நடக்கிறது. பாட்டுக்காரன் கெட்டவன், அவனுடைய சிநேகிதன் மேலே பால்கனிப் பெட்டியில் உட்கார்ந்திருக்கிறான், இரண்டு பேரையும் முடிக்க வேண்டும். ஒத்திகையில் அந்தப் பாட்டுக்காரனை மேடையில் சுட்டுக்கொல்வது போல ஒரு காட்சி வரும். சுடுகிற நடிகனின் பொம்மைத் துப்பாக்கியை எடுத்துவிட்டு நிஜத் துப்பாக்கியை வைத்துவிட்டால், நாம் விரலைக்கூட அசைக்க வேண்டாம். காட்சி நடக்கும், அவன் விழுவான், நடிப்பு என்று நினைத்து முதலில் ஒருவனும் பதற மாட்டான். அப்புறம் சிநேகிதன் பதறி மேடைக்கு ஓடி வருவான். அவனுக்கென்று மேலே சரவிளக்கு தொங்குகிறது. அப்போது நமக்குத் தெரியாது, அவர்கள் அங்கே ஒத்திகை பார்ப்பது டோஸ்கா. அந்த ஓப்பராவின் கதையே, பொய்யாகச் சுடுவார்கள் என்று வாக்குக் கொடுத்துவிட்டு மேடையில் நிஜமாகச் சுட்டுவிடுவதுதான். கேம் செய்தவர்கள் இதை எங்கேயும் விளக்கவில்லை. தெரிந்தவன் தெரிந்துகொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்கள். எனக்கு இருபது வருஷம் ஆகியிருக்கிறது.

கடைசி லெவலையும் சொல்லாமல் விட முடியாது. மொட்டையனைச் செத்தவனாகக் கிடத்தி, பெயர்ப் பட்டியலும் ஓட ஆரம்பித்துவிட்டது. நாம் இரண்டு பேரும் துக்க வீட்டிலிருந்து கிளம்புவது போல எழுந்து வந்துவிட்டோம். பட்டியல் ஓடும்போது நடக்கிற பட்டன்களை விடாமல் தட்டினால் இதயம் துடிக்கும், எழுந்து உட்காருவான் என்பது ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த ஒரு வாரமும் நாம் அவனைச் செத்தவனாகவே வைத்திருந்தோம்.

அப்புறம் ஆறு வருஷம் ஒன்றும் வரவில்லை. 2006 மே மாதத்தில் பிளட் மணி, 2012 நவம்பரில் அப்சொல்யூஷன். அதற்குள் நாம் சென்னைக்குப் போய், வேலையில் சேர்ந்து, குரோம்பேட்டையில் ரூம் எடுத்து, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு கேமை ஒரிஜினல் டிவிடியாகக் காசு கொடுத்து வாங்கினோம். என் கோபத்தில் அந்தக் காசுக்கும் ஒரு பங்கு உண்டு என்பதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

இப்போது ஒரு கல்யாணக் கதை சொல்ல வேண்டும். ஆவணியில் சித்தப்பா மகனுக்குக் கல்யாணம். பந்தியில் ஆள் குறைவு என்று என்னையும் இறக்கிவிட்டார்கள். பட்டுச்சட்டையைக் கழற்றிவிட்டு, பனியன், மடித்துக் கட்டின வேட்டி, இடுப்பில் துண்டு, கையில் அவியல் வாளி. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தவர் யார் தெரியுமா? கைமாத்தாக வாங்கின பணத்துக்காக மூன்று மாதமாக நான் ஒளிந்து திரிந்துகொண்டிருந்த மாமா. ஓடவும் முடியாது, வாளியை வைக்கவும் முடியாது. நேராகப் போய் அவர் இலையில் அவியலை வைத்தேன். "தம்பி, இன்னும் கொஞ்சம்" என்றார். வாளியைத்தான் பார்த்தார், முகத்தைப் பார்க்கவே இல்லை. இரண்டாம் பந்தி வரைக்கும் எனக்கு ஒரு பயமும் இல்லை.

ஹிட்மேன் என்றால் இதுதான் மக்கா. பின்னந்தலையில் பார்கோடு குத்தின ஆறடி மொட்டையன், பிறந்தநாள் விருந்துக்கு வந்த கோமாளியின் சட்டையைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடந்தால் ஒருவனும் கேட்க மாட்டான். ஏனென்றால் உலகம் வாளியைத்தான் பார்க்கிறது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவியல் தீர்ந்து, வாளியை நிரப்பச் சமையல்கட்டுக்குள் போனேன். சமையல் மாஸ்டர் ஒரே பார்வையில் பிடித்துவிட்டார். "நீ யாருடே? நம்ம செட்டுல உன்னப் பாத்ததே இல்லையே" என்றார். அதாவது, அதே உடுப்பில் இருப்பவனுக்கு மட்டும் வேஷம் தெரிந்துவிடும்.

அப்சொல்யூஷன் செய்தவர்கள் பிடித்த யோசனையும் இதேதான். சமையல்காரன் வேஷத்தைச் சமையல்காரன் கண்டுபிடிப்பான், போலீஸ் வேஷத்தைப் போலீஸ் கண்டுபிடிப்பான். சமையல் மாஸ்டர் சாட்சி, யோசனையில் தப்பே இல்லை. அதைச் செய்த விதத்தில்தான் கெடுத்தார்கள். சிகாகோ போலீஸில் ஆயிரக்கணக்கான பேர். அத்தனை பேருக்கும் அத்தனை பேரையும் தெரியுமா? தெருவின் அந்தக் கோடியில் நிற்பவன் இந்தக் கோடியில் நடக்கிற என் தொப்பியைப் பார்த்தே சந்தேகப்படுகிறான். கட்டடம் முழுக்கப் போலீஸ் இருக்கிற இடத்தில் போலீஸ் உடுப்புப் போடுவதுதானே புத்தி? இதில் அந்த உடுப்புத்தான் காட்டிக்கொடுக்கும்.

இதற்குப் பரிகாரமாக இன்ஸ்டிங்க்ட் என்று ஒன்று வைத்தார்கள். அந்தப் பட்டனை அழுத்திப் பிடித்தால் மொட்டையன் தொப்பியைச் சரிசெய்வது போல முகத்தைக் கையால் மறைத்துக்கொண்டு நடப்பான், பார்ப்பவர்கள் விட்டுவிடுவார்கள். அதற்கு ஒரு அளவு உண்டு, தீர்ந்தால் மாட்டிக்கொள்வோம். கல்யாணப் பந்தியில் நான் ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு இன்னொரு கையால் அவியல் வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துப் பார். மாமா அன்றைக்கே வட்டியோடு வாங்கியிருப்பார்.

அதைக்கூட மன்னித்துவிடலாம். எனக்கு ஆறாதது லெவல்கள். பிளட் மணியில் ஒரு லெவல் என்றால் ஒரு ஊர் மாதிரி. நாம் வந்தாலும் வராவிட்டாலும் அங்கே வாழ்க்கை நடந்துகொண்டிருக்கும். இதில் ஒரு கதவில் நுழைந்து இன்னொரு கதவில் வெளியேறுகிற வேலைதான் பாதிக்கு மேல். ஹோட்டல் தீப்பிடித்து மொட்டையன் தப்பி ஓடுகிற அந்த மிஷனை எடுத்துக்கொள். கூரையில் ஹெலிகாப்டர், இருட்டு நூலகத்தில் டார்ச்சோடு போலீஸ், கடைசியில் ரயில் நிலையத்தில் ஜன சமுத்திரம். பார்க்கப் பிரமாதம், அந்தக் கூட்டத்தைக் கம்ப்யூட்டரில் ஓட்டினவர்களைக் கும்பிடலாம். ஆனால் அதில் கொல்ல வேண்டிய ஆள் என்று யாருமே கிடையாது. எதிர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தால் முடிந்தது. கொலைகாரனை வைத்து ஒரு கேம், அதில் அவன் வேலை மேஜைக்குப் பின்னால் குந்திக்குந்தி நகர்வது.

சேவும் நம் கையில் இல்லை. அங்கங்கே ஒரு இடத்தைத் தொட்டால் அதுவரைக்கும் பதிவாகும். மாட்டிக்கொண்டு திரும்ப வந்தால், அரை மணி நேரம் செலவழித்து ஒவ்வொருவராக மயக்கிப் பெட்டிக்குள் போட்டு மூடின காவல்காரர்கள் எல்லோரும் எழுந்து பழைய இடத்தில் நிற்பார்கள். இந்த வாரம் இது எனக்கு மூன்று தடவை நடந்தது. மூன்றாவது தடவை நான் சொன்ன வார்த்தையைக் கேட்டு அம்மா ஒட்டடைக் கம்போடு எட்டிப் பார்த்தாள்.

கதையையும் சொல்லிவிடுகிறேன். நமக்கு மொட்டையன் யார் என்றே தெரியாது, அதுதான் அவனிடம் நமக்குப் பிடித்ததே. டயானா என்ற குரல் வேலையைச் சொல்லும், அவன் முடிப்பான், மிஷன் முடிந்ததும் செய்தித்தாளில் நாலு வரி வரும், அவ்வளவுதான். அப்சொல்யூஷன் ஆரம்பத்திலேயே அந்தக் குரலைச் சுட வைக்கிறார்கள். அப்புறம் விக்டோரியா என்ற சின்னப் பெண்ணைக் காப்பாற்றும் பொறுப்பு, பிளேக் டெக்ஸ்டர் என்று கத்திக்கொண்டே இருக்கிற ஒரு பணக்கார வில்லன், கன்னியாஸ்திரி உடுப்பில் துப்பாக்கியோடு வரும் பெண்கள் பட்டாளம். அந்தப் பெண்களை வைத்து வந்த விளம்பரப் படத்துக்கு வெளியானபோதே ஏகப்பட்ட கண்டனம். எல்லாரும் சத்தம் போடுகிற இடத்தில் அவன் ஒருவன்தான் சத்தம் போடாமல் நிற்கிறான், அதுவும் சோகமாக. ஆள் அடையாளமே இல்லாதவனைப் பிடித்துக் கதாநாயகனாக்கிவிட்டார்கள்.

நீ உடனே சைனாடவுனைச் சொல்வாய், தெரியும். அது நல்ல லெவல்தான், அதில் சண்டையில்லை. சின்னச் சதுக்கம், நிறையச் சனம், நடுவில் ராஜா மாதிரி உலாவுகிற ஒருவன். அவன் சாப்பாட்டில் விஷம் வைக்கலாம், காரில் குண்டு வைக்கலாம், எதிர் மாடியிலிருந்து சுடலாம். ஒரு முழு மணி நேரம் நான் பழைய ஆளாகிவிட்டேன். சவரக் கடையில் டெக்ஸ்டரின் மகன் லென்னி வருகிற லெவலும் மோசமில்லை. ஆனால் இந்த மாதிரி இடங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். அதனால்தான் கோபம் கூடுகிறது. முழுக்க மோசமாக இருந்திருந்தால் அன்றைக்கே அழித்துவிட்டு மறந்திருப்பேன். செய்யத் தெரிந்தவர்கள் செய்யாமல் விட்டதுதான் உறுத்துகிறது.

உனக்கு ஒரு துக்கச் செய்தியும் இருக்கிறது. அப்சொல்யூஷனில் நீ மாய்ந்து மாய்ந்து ஆடினாயே காண்ட்ராக்ட்ஸ், நாமே ஆளைக் குறித்து, எப்படிக் கொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டு அடுத்தவனுக்குச் சவால் விடுவோமே, அது இப்போது கிடையாது. 2018 மே மாதம் ஐரோப்பாவில் தனிமனிதத் தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்தபோது அந்தச் சர்வரை மூடிவிட்டார்கள். அந்தக் கேமில் நிஜமாகவே புதிதாக இருந்தது அது ஒன்றுதான், போனதும் அது ஒன்றுதான். சைனாடவுனில் ஒரு தள்ளுவண்டிக்காரனைக் குறிவைத்து எனக்கு நீ விட்ட சவாலை நான் கடைசி வரை முடிக்கவில்லை. இனி முடிக்கவும் முடியாது. நீயே ஜெயித்ததாக வைத்துக்கொள்.

விற்பனையும் அவர்கள் நினைத்தபடி போகவில்லை. நான்கைந்து மாதத்தில் 36 லட்சம் பிரதி போயும், எதிர்பார்த்ததற்குக் குறைவு என்று அதை வெளியிட்ட ஸ்கொயர் எனிக்ஸ் சொன்னது. 36 லட்சம் பேர் வாங்கினதைத் தோல்வி என்று சொல்லுமளவுக்குச் செலவழித்திருக்கிறார்கள். பல பேருக்குப் பிடிக்க வேண்டும் என்றுதான் அவ்வளவு ஓட்டமும் சினிமாவும் சேர்த்திருப்பார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. நம் கடையில்கூடப் புது வாடிக்கை பிடிக்கிறேன் என்று தம்பி ஒரு தடவை பழைய சரக்கையெல்லாம் ஒதுக்கினான். புதியவர்கள் வரவில்லை, பழையவர்களும் எதிர்க் கடைக்குப் போனார்கள்.

ஆனால் கேமைச் செய்த அந்தக் கோபன்ஹேகன்காரர்களை மெச்ச வேண்டும். 2016-ல் வந்த ஹிட்மேனில் பழைய பாதைக்குத் திரும்பினார்கள். சமையல் மாஸ்டர் விஷயத்தையும் தூக்கி எறியவில்லை, சரிசெய்தார்கள். எல்லாச் சமையல்காரனும் கண்டுபிடிக்க மாட்டான், குறிப்பிட்ட சில பேர் மட்டும்தான். அவர்கள் தலைக்கு மேல் ஒரு வெள்ளைப் புள்ளி இருக்கும், அவர்கள் பக்கம் மட்டும் போகாமல் இருந்தால் போதும். ஒரு கல்யாண வீட்டில் இருக்கிற நியாயம் அப்படியே வந்துவிட்டது. அடுத்த வருஷம் ஸ்கொயர் எனிக்ஸ் கைகழுவி விட்டபோது, கேமின் உரிமையைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக நின்றுவிட்டார்கள்.

2018-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மும்பை இருக்கிறது, அதைக் கட்டாயம் ஆடு. நம் நாட்டை அவர்கள் முன்பு ஒரு தடவை தொட்டுச் சூடு பட்டவர்கள். 2002-ல் வந்த சைலண்ட் அசாசினில் பஞ்சாபில் ஒரு கோயில் வந்ததும், சீக்கிய அமைப்புகள் எதிர்த்ததும், பிறகு அதை மாற்றினதும் நீ கேள்விப்பட்டிருப்பாய். மும்பையில் அந்தச் சங்கடம் இல்லை. குடிசைகள், துணி துவைக்கிற இடம், சினிமாத் தயாரிப்பாளன், ரயில் பெட்டிகளுக்குள் ஒரு ராணி. மூன்று பேரைக் கொல்ல வேண்டும், அதில் ஒருவன் எப்படி இருப்பான் என்று யாருக்கும் தெரியாது. ஜனத்துக்குள் ஜனமாக நடமாடுகிறான். அவனை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். அத்தனை வருஷம் மொட்டையன் மற்றவர்களுக்குச் செய்ததை அவனுக்கே ஒருவன் செய்கிறான். அங்கேயும் ஒரு சவரக் கடை இருக்கிறது, மேலே சொல்ல மாட்டேன்.

ஆக, அப்சொல்யூஷனில் சைனாடவுன் வரைக்கும் ஆடு, அதோடு மூடிவிட்டு 2016-க்குப் போ. விக்டோரியாவுக்கு என்ன ஆனது என்று உனக்குத் தெரிந்தே ஆக வேண்டுமென்றால் ஃபோனில் சொல்கிறேன், இரண்டு நிமிஷம் ஆகும்.

இதை எழுதும்போதுதான் ஒன்று பிடிபடுகிறது. பிளட் மணியில் நாம் அதிகமும் செய்தது காத்திருப்பது. அந்த ஆள் சமையலறைக்குப் போய், தோட்டத்தைச் சுற்றி, மாடி ஏறி, திரும்ப அதே இடத்துக்கு வர நாலைந்து நிமிஷம் ஆகும். அதுவரை சுவரோரமாக நிற்க வேண்டும். உன் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போனதை நீ முதலில் சொன்னது அப்படி ஒரு சுவரோரம்தான். திரையில் மொட்டையன் குப்பைக்காரன் உடுப்பில் நின்றுகொண்டிருந்தான், ஏழில் மூன்று சேவ் மிச்சம். நீ சொல்லி முடிப்பதற்குள் அந்த ஆள் இரண்டு தடவை நம்மைக் கடந்து போய்விட்டான், நாம் கண்டுகொள்ளவில்லை. அப்சொல்யூஷனில் அப்படி நிற்க இடமே இல்லை. நின்றால் ஒருவன் சந்தேகப்படுவான், அல்லது இன்ஸ்டிங்க்ட் தீரும். குரோம்பேட்டை ரூமில் அதை ஆடின ஒரு மாதமும் நாம் என்ன பேசிக்கொண்டோம் என்று யோசித்துப் பார்க்கிறேன், ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. நீ ஹெட்போனில் இருந்தாய். அதற்குக் கேமைக் குறைசொல்வது நியாயமில்லைதான். வேலை அப்படி, ஷிப்ட் அப்படி.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? அதற்குள் கட்டைப் பிரித்துவிடுவார்கள். அண்ணாச்சியின் சென்டர் இப்போது செல்போன் கவர் விற்கிற கடை, ஆனால் கல்லாவில் அவரேதான் உட்கார்ந்திருக்கிறார், மணி பார்க்கிற பழக்கமும் போகவில்லை. ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம். மும்பையை அதுவரை தொடாதே, இங்கே வைத்து ஆடலாம். மகளுக்கு நேந்திரங்காய்ச் சிப்ஸ் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன்,
கணேசன்

பி.கு.: மாமாவின் பணத்தைக் கொடுத்துவிட்டேன். கல்யாணத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று கேட்டார்.